லண்டன் மாநகர மன்றத்தைக் காக்க ஒட்டிய போஸ்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் மாநகர மன்றமான ஜி.எல்.சி.யை அரசு கலைக்க முற்பட்டபோது, அதை எதிர்த்து 1984-க்கும் 1986-க்கும் இடையில் லண்டன் தெருக்களில் ஒட்டப்பட்ட சில போஸ்டர்களின் படங்களைக் காட்டிப் பேசுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பேச்சு முடிந்ததும் எழுகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கொஞ்சம் காரமாகக் கேட்டவர்களின் காரத்தையும் குறைக்கவில்லை.

ஜி.எல்.சி., ஜி.எல்.சி. என்கிறீர்களே, அது என்ன? லண்டன் மாநகராட்சியா?

கிரேட்டர் லண்டன் கவுன்சில் என்பதன் சுருக்கம். மாநகராட்சி என்று சொன்னால் பாதி சரி. லண்டனில் உள்ளாட்சி இரண்டு அடுக்காக இருந்தது. கீழடுக்கில் 'பரோ' எனப்படும் 32 வட்டார மன்றங்கள், கூடவே பழைய 'சிட்டி' பகுதி. குப்பை அள்ளுவது, நூலகம் நடத்துவது போன்ற அன்றாட வேலைகள் இவர்களுடையவை. மேலடுக்கில் நகரம் முழுவதற்கும் ஒரே மன்றமாக ஜி.எல்.சி. முக்கியச் சாலைகள், தீயணைப்பு, நகரத் திட்டமிடல் ஆகியவற்றை அது பார்த்துக்கொண்டது. 1970 முதல் பஸ்ஸும் சுரங்க ரயிலும் அதன் பொறுப்பில் வந்தன.

1965 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய மன்றம் இது. முடிந்தபோது அதில் 92 உறுப்பினர்கள் இருந்தார்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் கிடையாது. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். கடைசித் தேர்தல் 1981 மே மாதம் நடந்தது. அடுத்தது 1985 மே மாதம் நடந்திருக்க வேண்டும். அந்த 1985 என்ற எண்ணை மட்டும் மறக்காதீர்கள், போஸ்டர்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

நன்றாக நடந்துகொண்டிருந்த ஒன்றை அரசு ஏன் கலைக்க வேண்டும்?

நன்றாக நடந்ததா என்பதுதான் சண்டையே. 1981-இல் தொழிற்கட்சி வென்றது. வென்ற மறுநாளே அதுவரை மன்றத்தில் கட்சிக் குழுவின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ மக்கின்டாஷை ஒதுக்கிவிட்டு, கட்சியின் இடதுசாரிகள் கென் லிவிங்ஸ்டனை மன்றத் தலைவராக்கினார்கள். அந்த அக்டோபரில் பயணக் கட்டணத்தைச் சுமார் 32 சதவீதம் குறைத்தார்கள். அதற்கான பணம் 'ரேட்ஸ்' எனப்படும் சொத்து வரியிலிருந்து வர வேண்டும். புரோம்லி பரோ வழக்குப் போட்டது. அந்தப் பகுதியில் சுரங்க ரயில் நிலையமே இல்லை, எனவே வரி மட்டும் ஏறி வசதி வராத கோபம். டிசம்பரில் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் (அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுதான்) கட்டணக் குறைப்பைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டார்கள்.

மன்றம் இயங்கிய கவுன்ட்டி ஹால், தேம்ஸ் நதிக்கு இக்கரையில் இருக்கிறது. அக்கரையில் நாடாளுமன்றம். ஒரு பக்கம் கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர், எதிர்ப்பக்கம் லிவிங்ஸ்டன். 1983 தேர்தல் அறிக்கையில் கன்சர்வேட்டிவ் கட்சி ஜி.எல்.சி.யையும், இங்கிலாந்தின் மற்ற ஆறு பெருநகரக் கவுன்ட்டி மன்றங்களையும் கலைப்போம் என்று எழுதியது. 144 இடங்கள் பெரும்பான்மையோடு வென்றதும் அக்டோபரில் வெள்ளை அறிக்கை, அதாவது அரசின் சட்டத் திட்ட வரைவு, வந்துவிட்டது. அரசு சொன்ன காரணம்: இடையில் ஒரு அடுக்கு வீண், செலவு அதிகம். எதிர்த்தவர்கள் சொன்ன காரணம்: பிடிக்காத ஆட்களை வாக்குப் பெட்டியில் தோற்கடிக்க முடியாததால் பெட்டியையே எடுத்துவிடுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

144 பெரும்பான்மை இருக்கிற அரசை போஸ்டர் ஒட்டித் தடுக்க முடியுமா? யாருக்காக ஒட்டினார்கள்?

அமைச்சர்களுக்காக ஒட்டவில்லை. வழக்கமாக யாரும் உள்ளாட்சியைப் பற்றி யோசிப்பதே இல்லை. தண்ணீர்க் குழாய் மாதிரி, வராதபோதுதான் நினைவு வரும். 'மேலடுக்கைக் கலைத்துப் பொறுப்புகளைப் பரோக்களுக்கும் கூட்டு வாரியங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறோம்' என்றால் ஒரு சாதாரண ஆள் கொட்டாவி விடுவார். அந்த ஆளைத்தான் போஸ்டர்கள் குறிவைத்தன.

இரண்டாவது இலக்கு, அரசுக் கட்சிக்குள்ளேயே தயங்கிக்கொண்டிருந்தவர்களும் பிரபுக்கள் அவை உறுப்பினர்களும். இவர்களுக்கு லிவிங்ஸ்டனைப் பிடிக்காது. ஆனால் 1985 தேர்தலை ரத்து செய்வது அவர்களுக்கும் நெருடியது. முன்னாள் கன்சர்வேட்டிவ் பிரதமர் எட்வர்ட் ஹீத்தே 1984 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் அதற்கான மசோதாவை எதிர்த்துப் பேசினார். கலைக்கப்படவிருந்த மற்ற ஆறு மன்றங்களை உருவாக்கிய சட்டம் 1972-இல் அவருடைய ஆட்சியில்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

'சே நோ டு நோ சே' என்றால் என்ன? தமிழில் சொல்லுங்களேன்.

பிரச்சாரம் முழுவதற்கும் இதுதான் மைய முழக்கம். முதல் 'சே' வினைச்சொல், சொல் என்று ஏவுவது. கடைசி 'சே' பெயர்ச்சொல், ஒரு முடிவில் நமக்கு இருக்கிற பேச்சுரிமை. அதிர்ஷ்டவசமாகத் தமிழிலும் 'சொல்' இரண்டு வேலையும் செய்யும்: 'நம் சொல் எடுபடாத நிலைக்கு இல்லை என்று சொல்.' பொருள் வந்துவிட்டது, துள்ளல் போய்விட்டது.

மூலத்தில் இன்னொரு விளையாட்டும் உண்டு. வார்த்தை வார்த்தையாகப் பின்னாலிருந்து படித்தாலும் அதே வாக்கியம்தான். நம் 'விகடகவி' எழுத்தால் செய்வதை இது சொற்களால் செய்கிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அரைக் கண்ணால் பார்த்தாலும் மனதில் ஒட்டிக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

இதைவிட முக்கியம், அந்த ஐந்து வார்த்தையில் இல்லாதவை. ஜி.எல்.சி. இல்லை, கட்சி இல்லை, லிவிங்ஸ்டன் இல்லை, தாட்சர் இல்லை. மன்றத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கவே இல்லை. உங்கள் வாக்கு பறிபோகிறது என்று மட்டும் சொல்கிறது.

ஆனால் லிவிங்ஸ்டன் முகத்தைப் போட்டு ஒரு போஸ்டர் இருக்கிறதே! தலைவர் படம் போடும் அதே பழைய கதைதானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். கீழே உள்ள வரியைப் படியுங்கள். 'என்னை வெளியேற்ற வேண்டுமென்று நினைத்தால், வாக்களித்து வெளியேற்றும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும்' என்பதுதான் அதன் சாரம்.

அந்த நாளில் அவர் எவ்வளவு வெறுக்கப்பட்டார் என்பது தெரிந்தால்தான் இதன் சூட்சுமம் புரியும். 1981-இல் சன் நாளிதழ் பிரிட்டனிலேயே மிக அருவருப்பான மனிதர் என்று அவருக்குப் பட்டம் கட்டியது. 'ரெட் கென்' என்பது பத்திரிகைகள் வைத்த பெயர். அப்படிப்பட்ட ஆளின் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'இவரைப் பாருங்கள், எவ்வளவு நல்லவர்' என்று எழுதியிருந்தால் கல்லெறிதான் கிடைத்திருக்கும். 'எனக்கு இவரைப் பிடிக்காது' என்று நினைத்துக்கொண்டே வருகிறவரிடம், 'சரி, பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? வாக்குப் போட்டு இறக்குவீர்கள். அந்த வாக்கே போகிறதே' என்று கேட்கிறது இந்தப் போஸ்டர். எதிராளியின் கோபத்தை எடுத்துத் தன் வாதத்துக்கு விறகாக்குவது. நான் பார்த்த அரசியல் போஸ்டர்களில் இவ்வளவு துணிச்சலானது இரண்டு மூன்றுதான் இருக்கும்.

சிவப்பு நாடா போஸ்டர் என்கிறார்களே, அது எது?

'லண்டனை வைட்ஹால் நடத்தினால் எப்படி இருக்கும், கற்பனை செய்து பாருங்கள்' என்ற வாசகம். வைட்ஹால் என்பது மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் தெரு, பேச்சுவழக்கில் அதிகார வர்க்கத்துக்கே அதுதான் பெயர். அந்த விளம்பரப் பலகையைச் சிவப்பு நாடாவால் சுற்றிக் கட்டியதுபோல் அமைத்திருந்தார்கள். கோப்புகளைக் கட்டும் நாடா, தாமதத்துக்கு அடையாளம். நமக்கும் 'சிவப்பு நாடா' பழகிய சொல்தான், அதனால் இதை மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருப்பதில்லை. கூட்டங்களில் சிரிப்பு வருவதும் இதற்குத்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வழக்கமாகப் பலகை என்பது படத்தைத் தாங்குகிற இடம். இங்கே பலகையே படமாகிவிட்டது.

இதையெல்லாம் யார் வரைந்தார்கள்? கட்சித் தொண்டர்களா, கலைஞர்களா?

இரண்டு பேருமில்லை. போஸ் மாசிமி பொலிட் என்ற விளம்பர நிறுவனம் செய்தது, சுருக்கமாக பி.எம்.பி. அன்று லண்டனில் பெயர் பெற்ற நிறுவனங்களில் ஒன்று. சோப்பும் பானமும் விற்கத் தெரிந்தவர்களிடம் ஒரு சோஷலிச மன்றம் போய் நின்றதை இரண்டு பக்கமும் கிண்டல் செய்தார்கள். இடதுசாரிகள் சிலருக்கு இது முதலாளித்துவ வித்தை. வலதுசாரிகளுக்கு இது வெறும் ஆடம்பரம்.

தொழில்முறை ஆட்கள் வந்ததால் பாணியே மாறியது. முஷ்டி உயர்த்திய கை, சங்கிலி உடைக்கும் தொழிலாளி, சிவப்பு நட்சத்திரம் எதுவும் கிடையாது. ஒரு படம், ஒரு வாக்கியம், நிறைய வெற்றிடம். அளவும் பெரிது. '48 ஷீட்' என்று பிரிட்டனில் சொல்லும் பலகை 20 அடி அகலம், 10 அடி உயரம். கையால் அச்சடித்து இரவில் பசை தடவி ஒட்டுகிற சமாச்சாரமில்லை, வாடகை கொடுத்து வாங்குகிற இடம். அந்த வாடகையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி கீழே தனியாக வருகிறது.

கவுன்ட்டி ஹால் கூரையில் ஏதோ எண்களை எழுதி வைத்தார்களாமே?

ஆமாம். லண்டனில் வேலையில்லாமல் இருப்போரின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் கூரையில் வைத்து அவ்வப்போது மாற்றினார்கள். நதிக்கு அப்பால் நாடாளுமன்ற மாடத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். கலைப்பு அறிவிப்புக்கு முன்பே தொடங்கியது அது, எனவே கண்டிப்பாகச் சொன்னால் இந்தப் பிரச்சாரத்தில் சேராது. ஆனால் அரசுக்கு எரிச்சல் மூட்டியதில் அதற்கு ஒரு பங்கு உண்டு.

தெருவில் வேலை செய்த கலைஞர்கள் யாருமே இல்லையா? எல்லாம் ஏஜென்சி வேலைதானா?

இருந்தார்கள். ஆனால் வேறு இடத்தில், வேறு சண்டையில். கிழக்கு லண்டனின் பழைய துறைமுகப் பகுதியை மேம்படுத்த 1981-இல் அரசு ஒரு கழகத்தை அமைத்தது, லண்டன் டாக்லேண்ட்ஸ் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். அந்தப் பகுதிக்கான திட்ட அனுமதி அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட பரோக்களிடமிருந்து அதன் கைக்குப் போனது. லண்டன் முழுவதற்கும் பின்னால் வரப்போவதன் முன்னோட்டம் அங்கே நடந்தது என்று சொல்லலாம்.

லொரெய்ன் லீசன், பீட்டர் டன் என்ற இரண்டு கலைஞர்கள் அங்குள்ள குடியிருப்போர் சங்கங்களோடு சேர்ந்து டாக்லேண்ட்ஸ் கம்யூனிட்டி போஸ்டர் ப்ராஜெக்ட்டை நடத்தினார்கள். 18 அடிக்கு 12 அடி பலகைகள், புகைப்படங்களை வெட்டி இணைத்துக் கையால் வண்ணமிட்டவை. என்ன சொல்ல வேண்டும் என்பதைக் குடியிருப்போரிடம் பேசி முடிவு செய்தார்கள். ஒரு பலகை பல துண்டுகளால் ஆனது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஓரிரு துண்டுகளை மட்டும் மாற்றுவார்கள், படம் மெல்ல மெல்ல இன்னொரு படமாகும். தினமும் அந்த வழியே போகிறவருக்குத் தொடர்கதை மாதிரி. 'பெரும் பணம் உள்ளே வருகிறது' என்ற பொருளில் ஒரு பலகை அந்த வரிசையைத் தொடங்கி வைத்தது.

இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் ஜி.எல்.சி.யும் ஒன்று. அதனால் மன்றம் போனபோது இவர்களுக்கும் அடி விழுந்தது. ஏஜென்சி போஸ்டர்களைவிட இவை எனக்கு நெருக்கமானவை, ஒளிக்கவில்லை. ஆனால் லண்டன் முழுவதையும் ஒரே மாதத்தில் சென்றடைவது இவற்றால் முடிகிற காரியமில்லை.

பீட்டர் கென்னர்டின் அணு ஆயுத எதிர்ப்புப் படங்களும் இந்தப் பட்டியலில் வருமா?

வராது, ஆனால் பலரும் சேர்த்துவிடுகிறார்கள். புகைப்பட ஒட்டுப்படக் கலைஞரான கென்னர்ட், 1985-இல் ஜி.எல்.சி.க்காக 'டார்கெட் லண்டன்' என்ற போஸ்டர் தொகுப்பைச் செய்தார். அணுகுண்டு விழுந்தால் லண்டன் என்னவாகும் என்பது அதன் பொருள். மன்றத்தின் வாழ்வா சாவா பற்றி அதில் ஒன்றுமில்லை.

எதிரணிக்கு அவை நல்ல ஆயுதமாயின என்பதையும் சொல்ல வேண்டும். சாலை போடுவதும் தீயணைப்பதும் வேலையாக உள்ள மன்றத்துக்கு ஏவுகணையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு லண்டன்வாசிகளில் கணிசமானோர் தலையாட்டியிருப்பார்கள். பி.எம்.பி.யின் போஸ்டர்கள் வாக்குரிமையை விட்டு இம்மியும் நகராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

என் வரிப் பணத்தில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போஸ்டரா? இது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கேட்கிறவர் பெரும்பாலும் கொஞ்சம் எழுந்து நின்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. பலகை வாடகையும் ஏஜென்சிக் கட்டணமும் சொத்து வரியிலிருந்து வந்தவை. கலைப்பு வேண்டும் என்று நினைத்த புரோம்லிக்காரரின் பணமும் அதில் இருந்தது. தன் கருத்துக்கு எதிரான போஸ்டருக்கு அவரே காசு கொடுத்திருக்கிறார்.

மன்றத்தின் பதில் இப்படி இருந்தது: எங்களைக் கலைக்கச் சொல்லும் அரசும் பொதுப்பணத்தில்தான் வெள்ளை அறிக்கை அச்சடிக்கிறது, அமைச்சர்களை அனுப்பிப் பேச வைக்கிறது. ஒரு தரப்பின் குரலுக்கு மட்டும் கஜானா திறந்திருந்தால் மக்கள் எதை வைத்து முடிவு செய்வார்கள்? தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம், தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் 'உங்கள் வாக்கு போகப்போகிறது' என்று தெரிவிப்பது அதன் கடமை.

எனக்கு இரண்டாவது வாதத்தின் கடைசி வாக்கியம் சரியென்றே படுகிறது. ஆனால் தெரிவிப்பது எங்கே முடிகிறது, வற்புறுத்துவது எங்கே தொடங்குகிறது? ஒரு துண்டுப் பிரசுரத்தில் மசோதாவின் விவரங்களை எழுதினால் தெரிவிப்பு. சிவப்பு நாடா கட்டிய பலகை? அது தெரிவிப்பு என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல என்னால் முடியாது. அந்த உறுத்தலோடுதான் நான் அதை ரசிக்கிறேன்.

சரி, சட்டம் என்ன சொன்னது?

மேலே சொன்ன கோட்டைத்தான் நீதிமன்றமும் தேடியது. 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 142-ஆம் பிரிவு, உள்ளாட்சி சம்பந்தமான விவரங்களை வெளியிட மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. வெளியிடலாம், சரி. வாதாடலாமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

இதே காலத்தில் லண்டனின் உட்பகுதிகளில் பள்ளிகளை நடத்திய கல்வி ஆணையம், உள்ளாட்சிகளின் சொத்து வரிக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைப்பதை எதிர்த்து ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. வெஸ்ட்மின்ஸ்டர் பரோ வழக்குப் போட்டது. விவரம் தருவது, மனதை மாற்றுவது என இரண்டு நோக்கமும் கலந்திருந்தன, இரண்டாவதற்குப் பிரிவு 142 இடம் தரவில்லை, எனவே முடிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கு ஜி.எல்.சி. மீதில்லை. ஆனாலும் போஸ்டர் எழுதுகிற ஒவ்வொரு மன்றமும் அதன்பின் வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசகம் எழுதியிருக்கும்.

இவ்வளவு செய்தும் மன்றம் போய்விட்டதே. படுதோல்விதானே?

மன்றம் போனது உண்மை. சட்டம் 1985 ஜூலையில் நிறைவேறியது, 1986 மார்ச் 31 நள்ளிரவோடு கதை முடிந்தது. ஆனால் நடுவில் ஒன்று நடந்தது, அதைத் தாண்டிப் போகக்கூடாது.

1985 மே தேர்தலை ரத்து செய்துவிட்டு, இடைப்பட்ட காலத்துக்குப் பரோக்கள் நியமிக்கும் ஆட்களைக் கொண்டு மன்றத்தை நடத்துவது அரசின் முதல் திட்டம். பல பரோக்கள் கன்சர்வேட்டிவ் கையில் இருந்ததால், தேர்தலே இல்லாமல் மன்றம் கைமாறியிருக்கும். 1984 ஜூனில் பிரபுக்கள் அவை இதை நிராகரித்தது. அரசு பின்வாங்கி, இருக்கிற உறுப்பினர்களே கடைசி நாள் வரை தொடரட்டும் என்று பதவிக்காலத்தை நீட்டித்தது. அதாவது லிவிங்ஸ்டனை விரட்ட வந்த சட்டம் அவருக்குக் கூடுதலாக ஏறத்தாழ ஓராண்டு கொடுத்தது. இது போஸ்டரால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாக்குரிமையைப் பற்றி மட்டும் பேசிய பிரச்சாரம் அடித்த ஆணி, அந்த இடத்தில்தான் இறங்கியது. கருத்துக்கணிப்புகளிலும் கலைப்பை எதிர்த்தவர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள்.

லிவிங்ஸ்டனும் இன்னும் மூன்று தொழிற்கட்சி உறுப்பினர்களும் பதவி விலகி 1984 செப்டம்பரில் இடைத்தேர்தலை வரவழைத்தார்கள், இதையே வாக்கெடுப்பாக்கலாம் என்று. கன்சர்வேட்டிவ் கட்சி போட்டியிடவே இல்லை. எதிராளி வராத மைதானத்தில் கோல் போட்டதுபோல் ஆகிவிட்டது. நால்வரும் வென்றார்கள், பெரிய சத்தம் எழவில்லை.

மற்ற ஆறு மன்றங்களும் போஸ்டர் ஒட்டினவா? அவற்றைப் பற்றி யாருமே பேசுவதில்லையே.

கிரேட்டர் மான்செஸ்டர், மெர்ஸிசைட், சவுத் யார்க்‌ஷயர், டைன் அண்ட் வேர், வெஸ்ட் மிட்லண்ட்ஸ், வெஸ்ட் யார்க்‌ஷயர். ஆறும் 1974-இல் தொடங்கி அதே 1986 மார்ச் 31-இல் மறைந்தவை. பேசாததற்குக் காரணம் எளிது: பத்திரிகைகள் லண்டனில் இருந்தன, அவர்கள் திட்டுவதற்கு லிவிங்ஸ்டனும் அங்கேதான் இருந்தார். ஷெஃபீல்டை உள்ளடக்கிய சவுத் யார்க்‌ஷயரின் மலிவு பஸ் கட்டணம் லண்டனைவிட நீண்ட நாள் நின்றது. அதற்கு ஒரு நல்ல கட்டுரை யாராவது எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

மன்றமே போன பிறகு, போஸ்டர்களைத் தடுக்க ஒரு சட்டம் எதற்கு?

மற்ற மன்றங்கள் இருந்தனவே. 1985-இல் டேவிட் விடிகோம்ப் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. உள்ளாட்சி மன்றங்களின் அரசியல் விளம்பரம் பற்றித்தான் அதன் இடைக்கால அறிக்கை. அதைத் தொடர்ந்து வந்த 1986 உள்ளாட்சிச் சட்டம், ஒரு அரசியல் கட்சிக்கான மக்கள் ஆதரவைப் பாதிக்கும் நோக்கில் எதையும் மன்றங்கள் வெளியிடக்கூடாது என்றது. ஜி.எல்.சி.யின் கடைசி வாரத்தில் அதற்கு அரச ஒப்புதல் கிடைத்தது. 1988-இல் அதை இன்னும் இறுக்கினார்கள், விளம்பரத்துக்கு நடைமுறை விதிகளும் வந்தன.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நான் பார்த்த அளவில் 'நோ சே' போஸ்டர்கள் எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை. தெளிவாகக் கேட்டிருந்தால் பழைய சட்டத்திலேயே மாட்டியிருக்கும். கேட்காமலே கேட்டதுதான் புதுச் சட்டத்தை வரவழைத்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கியது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 1921-இல் கிழக்கு லண்டனில் பாப்லர் என்ற ஏழைப் பரோ. வேலையில்லாதோருக்கு உதவித்தொகை கொடுக்கும் சுமை அந்தந்தப் பரோவின் தலையிலேயே விழுந்தது. ஏழைகள் அதிகமாக உள்ள இடத்தில் வரி அதிகம், பணக்காரப் பரோவில் குறைவு. ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் பாப்லர் கவுன்சிலர்கள், ஜி.எல்.சி.க்கு முன்பிருந்த லண்டன் கவுன்ட்டி கவுன்சில் முதலிய அமைப்புகளுக்குச் சேர வேண்டிய பங்கை வசூலிக்க மறுத்தார்கள். நீதிமன்றம் அழைத்தபோது ஊர்வலமாகவே போனார்கள். முன்னால் பிடித்த பதாகையில், பாப்லர் பரோ மன்றம் உயர் நீதிமன்றத்துக்கு நடந்து போகிறது, ஒருவேளை சிறைக்கும் போகலாம் என்று எழுதியிருந்தது.

சிறைக்கும் போனார்கள். 30 கவுன்சிலர்கள், அவர்களில் பெண்களும் உண்டு. சுமார் ஆறு வாரத்தில் விடுதலை, அந்த ஆண்டே சுமையைப் பரோக்களுக்குள் பகிர்ந்துகொள்ளச் சட்டமும் வந்தது. மேலே நான் வியந்து பேசிய ஏஜென்சி வாசகங்கள் எல்லாவற்றையும்விட அந்த 'ஒருவேளை சிறைக்கும்' எனக்குக் கனமாகத் தெரிகிறது. எழுதியவர்களே அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

கடைசியில் லண்டனுக்கு மன்றம் திரும்பக் கிடைத்ததா?

வேறு உருவில் கிடைத்தது. 1998 மே மாத வாக்கெடுப்பில் 72 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2000-இல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரும் 25 பேர் கொண்ட அவையும் வந்தன. முதல் மேயர் யார் தெரியுமா? லிவிங்ஸ்டன்தான், தொழிற்கட்சி வேட்பாளரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று வென்றார். '14 ஆண்டுகளுக்கு முன் என்னை மரியாதையில்லாமல் இடைமறித்தார்களே, அதற்கு முன் நான் சொல்லிக்கொண்டிருந்ததுபோல...' என்று வெற்றி உரையைத் தொடங்கினார். கவுன்ட்டி ஹால் மட்டும் திரும்பவில்லை. அது விற்கப்பட்டு, இப்போது அங்கே மீன் காட்சியகமும் ஓட்டலும் இருக்கின்றன.

என்னிடம் ஒரு பழைய ஜி.எல்.சி. போஸ்டர் இருக்கிறது. தேதி இல்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசகத்தைத்தான் துப்பறிய வேண்டும். வாக்குரிமை பறிபோவதைப் பேசினால் 1984-க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. பஸ்ஸும் சுரங்க ரயிலும் மன்றத்துடையவை என்ற தொனியில் பேசினால் 1984 ஜூன் இறுதிக்கு முந்தியது, ஏனென்றால் அந்த மாதம் 29-ஆம் தேதி அவற்றை அரசு எடுத்துக்கொண்டது. 'லண்டனுக்காக உழைக்கிறது' என்ற பொருள்படும் வரி மட்டும் இருந்தால் சிரமம், அதை எல்லாவற்றிலும் அச்சடித்தார்கள்.

இன்னும் சந்தேகமென்றால், ஜி.எல்.சி.யின் ஆவணங்கள் கிளார்க்கன்வெல் பகுதியில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம். போஸ்டரை மடித்து வைத்திருந்தால் முதலில் அதைப் பிரித்து அமிலமில்லாத காகிதத்தின் மேல் தட்டையாக வையுங்கள். மடிப்பில்தான் மை முதலில் உதிரும்.